இளவட்டக்கல்: தொடங்க விரும்பும் இளைஞர்க்குச் சில சொற்கள்

பிழைப்பை நாடி ஊரைவிட்டுப் புறப்படுகிறவர்கள் தம்மால் இயன்றதையெல்லாம் உடன் கொண்டு செல்கிறார்கள். குலதெய்வத்தின் திருநீறும், பாட்டியின் கைப்பக்குவமும், பொங்கற் பானையும், கோலமும், தாலாட்டும் அவர்களோடு பயணம் செய்கின்றன. ஆனால் ஊர் மந்தையிலே வேப்பமரத்தடியில் கிடக்கும் இளவட்டக்கல்லை எவரும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்ததில்லை. அது அங்கேயே தங்கிவிட்டது. அதனோடு, அதைத் தூக்கும் முறையும் தங்கிவிட்டது.

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் ஆரம்பாக்கத்தைக் கடந்தவுடன் வரும் நிலையம் நம் தடா. முன்பு நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2022ஆம் ஆண்டிலிருந்து திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாகிய இவ்வூரிலும், அருகிலுள்ள ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையைச் சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. நம் பிள்ளைகள் படிக்கிறார்கள், உழைக்கிறார்கள். மூன்று முறைகளாக வேலை பார்த்துவிட்டு வரும் இளைஞர்க்கு மாலை நேரத்தில் கைப்பேசியைத் தவிர வேறு துணை இல்லை என்று பெற்றோர் குறைப்படுகின்றனர். அக்குறையைப் போக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டாம். மந்தையில் விட்டு வந்த அந்தக் கல்லை நாம் மீண்டும் நாடுவோமாயின் அதுவே போதும். அதனை எவ்வாறு தொடங்குவது என்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லும் அதன் வழக்கும்

இளவட்டம் என்பது இளைஞர் கூட்டத்தைக் குறிக்கும் சொல். அவர்கள் தம் உடல் வலிமையைச் சோதித்துக்கொள்ள வைத்திருந்த வழவழப்பான உருண்டைக் கல்லே இளவட்டக்கல். இதனைக் கல்யாணக்கல் என்று வழங்கும் ஊர்களும் உண்டு. கல்லைத் தூக்கியவனுக்கே பெண் கொடுப்பது என்னும் பழைய வழக்கத்தை அப்பெயர் நினைவூட்டுகிறது. பெண்ணின் விருப்பத்தைக் கேளாமல், ஒரு கல்லின் மேல் அவள் வாழ்வை வைத்துப் பார்த்த அவ்வழக்கம் ஒழிந்தது நன்றே. வழக்கம் ஒழிந்ததற்காகப் பயிற்சியும் ஒழிய வேண்டுவதில்லை.

தென்மாவட்டங்களில் இக்கலை இன்னும் உயிரோடு இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடைபெறுகிறது. 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரையில் பல எடைகளில் கற்கள் உள்ளன. ஆடவர் மட்டுமின்றிப் பெண்களும் அப்போட்டியில் கலந்துகொள்கின்றனர்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். கருங்கல்லின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால், 45 கிலோ எடையுள்ள உருண்டைக் கல்லின் குறுக்களவு ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் ஆகும். 129 கிலோக் கல்லின் குறுக்களவோ 45 சென்டிமீட்டர்தான். பார்வைக்கு ஒரு சாண் அளவுகூட வேறுபாடு இல்லை. எடையோ ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது. ஆகையால், கண்ணால் பார்த்து, "இது சிறிய கல்தானே!" என்று கை வைக்கிறவன் ஏமாந்துபோகிறான். எடை அறியாத கல்லைத் தொடாதிருப்பதே இக்கலையின் முதற் பாடம்.

தடாவிலே பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு பொங்கலுக்குத் தம் தாய்வழி ஊருக்குச் சென்றார். மாமன் மக்கள் கல்லைத் தோளில் ஏற்றக் கண்டு தாமும் முயன்றார். கல் அசையவில்லை. "ரயிலடிப் பிள்ளைக்கு ரொட்டி தூக்கத்தான் தெரியும்" என்று கேலி செய்தார்கள். திரும்பி வந்தவர் என்னிடம், "அண்ணாச்சி, கனத்துக்கு நான் பயப்படவில்லை. எங்கே பிடிப்பது என்றுதான் தெரியவில்லை" என்றார். அச்சொல்லில் பெரும் உண்மை இருக்கிறது. பெட்டிக்கு மூலை உண்டு. மூட்டைக்கு நுனி உண்டு. உருண்டைக் கல்லுக்கோ பிடி என்று ஒன்று இல்லை. பிடியில்லாத பொருளைத் தன் உடம்பாலேயே பிடித்துக்கொள்ளக் கற்பதுதான் இளவட்டக்கல் வித்தை. அது பிறப்பினால் வருவதன்று, மண்ணினால் வருவதுமன்று. கற்பிப்பார் இருந்தால் எவ்வூரிலும் கற்கலாம்.

கடல் கடந்த உறவினர்

இவ்வழக்கம் தமிழர்க்கே உரியது என்று நாம் எண்ணியிருக்கலாம். ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் இதே போன்ற கல் உண்டு. அந்நாட்டு மொழியிலே அதற்கு "ஆண்மகன் பங்குக்குரிய கல்" என்னும் பொருள்படும் பெயர். ஓர் இளைஞன் அக்கல்லைத் தரையிலிருந்து எடுத்து இடுப்பளவுச் சுவரின் மேல் வைத்துவிட்டால், அவனை முழு ஆளாக ஏற்றுக்கொள்வார்கள். ஐஸ்லாந்தின் கடற்கரையொன்றில் மீனவர் வலிமையை அளக்க 4 கற்கள் கிடக்கின்றன. அவற்றின் எடை முறையே 154, 100, 54, 23 கிலோ. முழு வலியன், அரை வலியன் என்று தொடங்கி, உதவாக்கரை என்பதுவரை அவற்றிற்குப் பெயர் உண்டு. 54 கிலோக் கல்லைத் தூக்க இயலாதவனைக் கடல் தொழிலுக்குக் கொள்வதில்லையாம். பழவேற்காட்டு ஏரியில் வலை இழுக்கும் நம் மீனவர்க்கு அவ்வழக்கத்தின் நியாயம் உடனே விளங்கும்.

ஸ்காட்லாந்தில் டொனால்ட் டின்னி என்பவர் புகழ்பெற்ற பலசாலி. 1837ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1860இல் இரும்பு வளையம் பொருத்திய இரு கற்களைக் கைக்கொன்றாகப் பற்றி, பொட்டார்க் என்னுமிடத்துப் பாலத்தின் அகலம் முழுவதும் சுமந்து சென்றார் என்பது வரலாறு. இரண்டும் சேர்ந்து 733 ராத்தல், அதாவது 332 கிலோவுக்கு மேல். அக்கற்கள் இன்றும் உள்ளன. உலகின் பல பகுதிகளிலிருந்தும் வலிமை மிக்கோர் சென்று அவற்றைத் தூக்கிப் பார்க்கின்றனர்.

அந்நாட்டு மலைநாட்டு விளையாட்டு விழாக்களிலே கல் எறிதல், மரப்பிடியுள்ள சம்மட்டி எறிதல், 28 ராத்தலும் 56 ராத்தலுமான எடைக்குண்டு எறிதல் முதலிய போட்டிகள் உண்டு. எல்லாவற்றிலும் வியப்பானது மரத்தூண் எறிதல். பிரேமார் என்னும் ஊரின் பெயர் பெற்ற தூண் ஏறத்தாழ 20 அடி நீளமும் 132 ராத்தல் எடையும் உடையது. அதன் அடிமுனையைக் கைகளில் ஏந்தி, தோளில் சார்த்தி, ஓடி வந்து மேல்முனை தரையில் மோதிக் கவிழும்படி எறிவர். எவ்வளவு தூரம் விழுந்தது என்று பார்ப்பதில்லை. எறிந்தவனுக்கு நேர் எதிரே, கடிகாரத்தின் 12 மணித் திசையில் விழுந்ததா என்பதையே பார்க்கின்றனர். முரட்டு வலிமையைக் காட்டிலும் முறையான வலிமையையே அவர்கள் போற்றுகின்றனர் என்பதற்கு இதுவே சான்று.

குடிபெயர்ந்தோர் செய்த காரியம்

ஸ்காட்லாந்தியரின் வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. 1746ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று மலைநாட்டாரின் மரபுடையைத் தடை செய்தது. அத்தடை 1782 வரை நீடித்தது. பின்னர், ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றினார்கள். எண்ணற்ற குடும்பங்கள் கப்பலேறி அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்றன. சென்ற இடத்தில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். சங்கத்தின் வழியாக விளையாட்டு விழா நடத்தினார்கள். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள ஸ்காட்லாந்தியர் கழகம் 1866ஆம் ஆண்டிலேயே அவ்விழாவைத் தொடங்கிவிட்டது. வட கரோலினாவின் கிராண்ட்பாதர் மலையில் 1956இல் தொடங்கிய விழாவும் பெயர் பெற்றது.

அவர்கள் தாய்நாட்டுக் கல்லைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. சென்ற நாட்டில் கிடைத்த கல்லை எடுத்துக்கொண்டு, தாய்நாட்டு முறையை மட்டும் காத்துக்கொண்டார்கள். ஆகவேதான் பாட்டன் பிறந்த ஊரைப் பாராத பேரனும் இன்று அக்கல்லை எறிகின்றான்.

புதியவரை அவர்கள் நடத்தும் முறையும் போற்றத்தக்கது. அமெரிக்க விழாக்களில் போட்டியிடுவோரைத் தேர்ந்தவர், இடைநிலையினர், புதியவர் என்று வகுப்புகளாகப் பிரிக்கின்றனர். 40 வயது கடந்தோர்க்கும், பெண்களுக்கும், 200 ராத்தலுக்குக் குறைந்த உடல் எடையுள்ளோர்க்கும் தனித்தனி வகுப்புகள் உண்டு. பெண்கள் எறியும் எடைக்குண்டு 14 ராத்தலும் 28 ராத்தலுமாகும். ஆகையால் முதன்முறை களம் இறங்குகிறவன் தன்னைப் போன்ற புதியவனோடுதான் போட்டியிடுகிறான். பத்து ஆண்டு பழகியவன் முன்னே நின்று வெட்கப்பட வேண்டியதில்லை. நம் ஊர் மந்தையில் இல்லாதிருந்தது இந்த ஏற்பாடே. அங்கே ஒரே கல். தூக்கினால் வீரன், தூக்காவிட்டால் கேலி. கேலிக்கு அஞ்சி ஒதுங்கிய பிள்ளைகள் எத்தனை பேரோ!

தொடங்குவது எவ்வாறு?

முதல் மாதத்தில் கல்லைத் தொடவே வேண்டாம். தண்டாலும் பஸ்கியும் எடுத்து உடலைப் பதப்படுத்துக. பஸ்கி எடுக்கும்போது குதிகால் தரையில் ஊன்றியிருத்தல் வேண்டும். பின்னர்ப் பழைய சாக்கொன்றில் 15 கிலோ மணலிட்டு, வாயை இறுகத் தைத்து, அதனை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்து எழுந்து பழகுக. அப்படியே 20 அடி நடந்து திரும்புக. இது எளிதானபின் மணலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்ளலாம். அரிசி ஆலையிலிருந்து வரும் 25 அல்லது 26 கிலோ மூட்டையை முதுகு வளையாமல் எடுத்து, நடந்து, ஓசையின்றி இறக்கி வைக்க முடியுமாயின், கல்லுக்கு ஆயத்தமாகிவிட்டோம் என்று கொள்ளலாம். வாரத்தில் மூன்று நாள் பயிற்சி போதும். இடைநாட்களில் ஓய்வு கொடுத்தால்தான் தசை வளரும்.

பார்சல் அலுவலகங்களில் பல ஆண்டுகள் கணக்கெழுதி வருகிறவன் என்ற முறையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மெலிந்த உடலுடைய முதிய சுமைத் தொழிலாளர், திரண்ட தோளுடைய இளைஞர் திணறும் சுமையை எளிதாக எடுத்துவிடுவார். அவர் சுமையைத் தம் உடம்பை விட்டு ஒரு விரற்கடை தூரம்கூட விலக விடுவதில்லை. இளைஞரோ கையை நீட்டி எட்டத்திலிருந்து இழுப்பார். சுமை விலக விலக முதுகின்மேல் விழும் பளு பெருகுகிறது. கல்லுக்கும் இதுவே விதி.

கல் தூக்குவதில் ஐந்து நிலைகள் உண்டு.

முதலாவது, பெயர்த்தல். இரு பாதங்களுக்கும் நடுவே கல் இருக்குமாறு காலை அகல ஊன்றி, முழங்காலை மடக்கிக் குந்துக. விரல்களைக் கல்லின் அடிப்புறம் செருகி, உள்ளங்கையும் முன்கையும் கல்லோடு அழுந்துமாறு பற்றுக. கைகள் நீண்டே இருக்க வேண்டும். முழங்கையை மடக்கி இழுத்தால் மேற்கைத் தசை அறுந்துபோகக் கூடும்.

இரண்டாவது, மடியில் ஏற்றுதல். தரையை விட்டுப் பெயர்ந்த கல்லை முழங்காலுக்கு மேலே கொணர்ந்து, பாதி குந்திய நிலையிலேயே தொடைகளின்மேல் உருட்டி இருத்துக. இங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அவசரம் வேண்டாம்.

மூன்றாவது, அணைத்து எழுதல். அதுவரை அடியிலிருந்த கைகளை மாற்றி, கல்லின் மேற்பாதியை இரு கைகளாலும் வளைத்து, குழந்தையை அணைப்பதுபோல் வயிற்றோடும் மார்போடும் இறுக்கிக்கொண்டு, கால்களின் வலிமையால் எழுக. புதியவர்களில் பலர் தடுமாறுவது இப்பிடி மாற்றத்தில்தான். ஆதலால் இதனைச் சிறு கல்லிலே பலமுறை பழக வேண்டும்.

நான்காவது, தோளில் ஏற்றுதல். நிமிர்ந்து நின்ற பின், காலும் இடுப்பும் ஒருசேர உந்த, கல்லை மார்பின்மேல் உருட்டி ஒரு தோளுக்குக் கொண்டு செல்லுதல்.

ஐந்தாவது, இறக்குதல். தேர்ந்தவர்கள் தோளில் சுமந்தபடி சுற்றி வருவதும், பின்புறமாக வீழ்த்துவதும் உண்டு. புதியவர் கல்லை முன்புறமாக மணலில் விடுவதே நலம்.

முதற்கல் 20 கிலோ அளவில் இருக்கட்டும். அதன் குறுக்களவு 24 சென்டிமீட்டரே. அதனை ஐந்து நிலைகளிலும் தடுமாற்றமின்றிப் பத்து முறை எடுத்தவர் 30 கிலோவுக்குச் செல்லலாம். அங்கிருந்து 45 கிலோவை எட்ட ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும். கல் எங்கும் ஓடிப்போவதில்லை.

எச்சரிக்கை

முதுகுவலி, குடலிறக்கம், இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உடையோர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. வளரும் பருவத்துச் சிறுவர்க்குத் தண்டால், பஸ்கி, கபடி போதும். கனத்த கல் 18 வயதுக்குப் பிறகே என்பது என் கருத்து. மழையில் நனைந்த கல்லையும், எண்ணெய் பட்ட கல்லையும் தூக்கலாகாது. சிமெண்டுத் தரையில் பயில வேண்டாம். மணல் பரப்பிய இடமே ஏற்றது. கல்லைப் பின்னே வீழ்த்துவோர்க்குப் பின்னால் எவரும் நிற்கலாகாது. மூச்சை அடக்கி நெடுநேரம் நிற்பது மயக்கம் தரும். இரவு முறை வேலை முடித்து உறக்கமின்றி வந்த நாளில் கல்லைத் தொடாமல் வீட்டிற்குச் சென்று உறங்குக. மது அருந்தியவனைக் களத்தின் அருகிலும் விடலாகாது.

பெண்மக்கள்

பெண்களுக்கு இது தகுமா என்று தாய்மார்கள் கேட்கக் கூடும். நீர்க்குடம் சுமந்தும், நெல்மூட்டை இறக்கியும், ஆட்டுக்கல் உருட்டியும் வந்தவர்கள் நம் பாட்டிமார். மேலே கூறிய டின்னி கற்களை 1979ஆம் ஆண்டில் ஜான் டாட் என்னும் அமெரிக்க அம்மையார் கைவார்களின் துணைகொண்டு தூக்கினார். 2018இல் லீ ஹாலண்ட்-கீன் என்னும் பெண்மணி கைவாரும் இன்றி வெறுங்கையால் தூக்கிக் காட்டினார். தொழிற்சாலைகளில் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் நம் பெண்மக்களுக்கு வலிமையான காலும் முதுகும் யாருக்கும் குறையாமல் தேவை. அவர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கினால் அவர்களும் வருவார்கள்.

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள்

ஏறத்தாழ 20, 30, 45, 60 கிலோ எடையில் நான்கு கற்களைக் கல்தச்சரிடம் வழவழப்பாகச் செய்வித்து, எடையை அவற்றின்மேல் பொறித்து, மணல் பரப்பிய ஒரு சிறு களத்தில் வைத்தல் வேண்டும். ஊரில் கல் தூக்கிப் பழகிய பெரியவர்கள் நம்முள்ளே சிலர் இருக்கின்றனர். அவர்களை அழைத்து ஆசிரியராக அமர்த்த வேண்டும். இளமையில் கற்ற வித்தையைக் கேட்பாரின்றித் தம்முள்ளேயே வைத்திருக்கும் அவர்களுக்கும் அது பெருமகிழ்ச்சியாகும்.

இன்னொன்று. ஒரு பதிவேடு வேண்டும். பெயர், வயது, நாள், கல்லின் எடை, எட்டிய நிலை என்று ஐந்து பத்திகள் போதும். தோளில் ஏற்றியவன் பெயர் மட்டுமன்றி, பெயர்த்தவன் பெயரும், மடியில் ஏற்றியவன் பெயரும் அதில் ஏற வேண்டும். போன மாதம் இரண்டாம் நிலை, இந்த மாதம் மூன்றாம் நிலை என்று தன் வளர்ச்சியைத் தானே காண்பவன் பயிற்சியைக் கைவிட மாட்டான். கேலிக்கும் அங்கே இடமிராது.

நம் அக்கம்பக்கத்துத் தெலுங்கு அன்பர்களையும் அழைக்க வேண்டும். மாடுகள் பாரக்கல் இழுக்கும் பந்தயத்தை ஆர்வத்தோடு நடத்தும் நாடு ஆந்திர நாடு. கல்லின் கனத்தை அறிந்தவர்கள் அவர்கள். மொழி வேறானாலும் களத்தில் நிற்கும்போது மூச்சு ஒன்றே.

வரும் பொங்கலன்று பரிசு என்று ஒன்றும் வேண்டாம். பொங்கல் வைத்து முடித்ததும் பிள்ளைகள் வரிசையாக நின்று, அவரவர்க்கு ஏற்ற கல்லை, அவரவர் எட்டிய நிலைவரையில் எடுத்துக் காட்டட்டும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று மாலையே ஒரு சாக்கில் 15 கிலோ மணலைக் கட்டுக.